கெட்ட முயல்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முயல் தப்பு செய்தால் அதற்குத் தண்டனை கிடையாது. எப்படியும் மதியத்துக்குள் சாகப்போகிற முயல், அதை இன்னும் என்ன தண்டிப்பது? பதிவேட்டில் அதன் வரிசை மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்போம், அவ்வளவுதான். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கெட்ட முயல்.

முயல் என்ன தப்பு செய்யும் என்று கேட்பீர்கள். கண்ணுக்குள் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று அளப்பது எங்கள் பிழைப்பு. முயலை மயக்கிப் படுக்கவைத்து, கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய டியூபை இதயம் வரைக்கும் தள்ளி, கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் மணிகளை லட்சக்கணக்கில் அதற்குள் விடுவோம். மணிகள் ரத்தத்தோடு உடம்பெல்லாம் போய், மிகச் சிறிய குழாய்களில் நுழைய முடியாமல் மாட்டிக்கொள்ளும். எங்கே ரத்தம் அதிகம் போகிறதோ அங்கே மணி அதிகம். முதலில் மஞ்சள் மணி. பிறகு கண்ணில் சொட்டு மருந்து. அரை மணி நேரம் கழித்து நீல மணி. அப்புறம் முயலைக் கொன்று, இரண்டு கண்களையும் எடுத்து, பாதியாக வெட்டி, உள்ளே இருக்கிற படலங்களை ஒவ்வொன்றாக உரித்துக் கண்ணாடியில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து எண்ண வேண்டும். மஞ்சள் எத்தனை, நீலம் எத்தனை. நீலம் கூடியிருந்தால் மருந்து வேலை செய்கிறது.

பாதி முயல்களுக்கு மருந்து கிடையாது, வெறும் உப்புத் தண்ணீர்தான். அவை சாதா முயல்கள். சாதா முயலில் மஞ்சளும் நீலமும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். ஏனென்றால் அதுதான் மற்ற முயல்களுக்கு அளவுகோல். சில சமயம் ஒரு சாதா முயல் வேண்டுமென்றே செய்வதுபோல் நீலத்தைப் பாதியாகக் காட்டும். ஏன் என்று யாரும் தேடுவதில்லை. மயக்க மருந்து கூடியிருக்கும், டியூப் நகர்ந்திருக்கும், எதுவோ இருந்துவிட்டுப் போகட்டும். கோடு. அந்த முயல் கணக்கில் சேராது. பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. ஆறு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் எத்தனை தடவை 'டியூப் விலகல்' என்று எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாதி நேரம் டியூப் அதன்பாட்டுக்கு அதன் இடத்தில்தான் இருந்தது.

இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தலைமை டாக்டர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி. மனிதர் மனைவிக்குப் பிரசவமாகிக் குழந்தையின் எடையைச் சொன்னபோதும், "சராசரிக்கு மேலயா கீழயா?" என்று கேட்டவர் என்று ஒரு கதை உண்டு. பொய்யாக இருக்காது. அவர் என்னைத் திட்டியதே இல்லை. எண்கள் எல்லாம் நெருங்கி வந்தால் "நல்ல கை உனக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை முயல்களைக் கெட்ட முயலாக்கினேன் என்பது எனக்கும் அந்தச் சிவப்பு பேனாவுக்கும்தான் வெளிச்சம்.

ஏழாவது வருடம் என்னை மாடிக்கு மாற்றினார்கள். மாடியில் முயல் கிடையாது, மனுஷர்கள். அங்கே ஒரு கேமரா வந்திருந்தது. லேசர் ஒளியைக் கண்ணுக்குள் அடித்தால் உள்சுவரில் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக விழும். ரத்தம் ஓடுகிற இடத்தில் அந்தப் புள்ளிகள் கலைந்து மங்கும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு ஓட்டம். கேமரா நாலு வினாடி பார்த்து ஒரு எண்ணைத் துப்பும். ஊசி இல்லை, வெட்டு இல்லை, யாரும் சாகவேண்டியதில்லை. எனக்கு முதல் வாரம் கையைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது.

நோயாளிகளை அளப்பதற்கு முன்னால் நல்ல கண் உள்ளவர்கள் நாற்பது பேரை அளந்து ஒரு சராசரி எடுக்கவேண்டும். நாற்பது நல்ல கண்ணுக்கு எங்கே போவது? எல்லா ஆய்வகத்திலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். அவரவர் வீட்டில் இருக்கும் ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தோம். கிளார்க்கின் தம்பி, நர்ஸின் மாமியார், கூட்டுகிற அம்மாவின் மகள். ஒரே ஒரு விதி இருந்தது. வந்தவர்களில் யாருக்காவது எண் ரொம்பக் குறைவாக வந்தால், ஒரு மஞ்சள் சீட்டு எழுதிக் கீழே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். அந்தச் சீட்டுப் புத்தகம் என் மேஜையில்தான் இருந்தது.

நான் இழுத்துக்கொண்டு போனது அத்தானை.

அத்தான் என் அக்காவின் கணவர். கட்டட வேலை நடக்கிற இடங்களில் உயரக் கிரேன் ஓட்டுகிறவர். இருபது மாடி உயரத்தில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே ஆள் கைகாட்டுவதைப் பார்த்து இரும்பு இறக்குகிற வேலை. அவருக்குத் தன் கண்ணைப் பற்றி அசாத்தியப் பெருமை. "மேலேருந்து பார்த்தா கீழ நிக்கிறவன் சவரம் பண்ணானா இல்லையான்னு சொல்வேன்" என்பார். அவருடைய வாய் அதைவிட உயரம். அவர்கள் வீட்டுப் பின்னறையில் எட்டு வருடமாக நான் இருக்கிறேன். இந்த எட்டு வருடமும் அவர் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டது என்னைத்தான். முயல் டாக்டரம்மா வந்தாச்சு. முயல் டாக்டரம்மா இன்னைக்கு எத்தனை கண்ணு? முயல் டாக்டரம்மாவுக்கு மாப்பிள்ளை வேணும்னா காது நீளமாப் பார்க்கணும்.

அக்கா சிரிப்பாள். "விளையாட்டுக்குச் சொல்றாருடி" என்பாள். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன பயன்? மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ளும் எண்ணத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். வந்தவரிடம் அத்தான், "உள்ள வாங்க, கண்ணை மட்டும் பத்திரமா வெச்சுக்கங்க. எங்க மச்சினிச்சி அசந்தா தோண்டி எடுத்துடுவா" என்றார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். காபி குடித்தார். அப்புறம் வரவில்லை. அதற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம். நான் அந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டேன், நாலு வருடம் விடவில்லை.

முப்பத்தெட்டு பேர் ஆனபின் இன்னும் இரண்டு பேர் கிடைக்கவில்லை. அத்தானிடம் சொன்னேன். குஷியாகி விட்டார். சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வந்ததுமே நர்ஸிடம், "என்னை இவ கையில விட்டுட்டுப் போகாதீங்க சிஸ்டர், நான் இன்னும் உயில் எழுதல" என்றார். அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னிடம் அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

"அத்தான், தாடையை இதுல வைங்க. பச்சைப் புள்ளியைப் பாருங்க. பேசக்கூடாது."

"பேசாம இருக்கிறதுக்குத் தனியா ஏதாவது குடுப்பீங்களா?"

"பேசக்கூடாது."

தாடையை வைத்ததும் மனிதர் சிலைபோல் ஆகிவிட்டார். அதைச் சொல்லியாக வேண்டும். உயரத்தில் அசையாமல் உட்கார்ந்து பழகிய உடம்பு. அத்தனை பேரில் அவரைப்போல் ஒழுங்காக உட்கார்ந்தவர் கிடையாது. வலது கண் பதினேழு. இருக்கவேண்டியதுதான். இடது கண் ஒன்பது.

ஒவ்வொரு கண்ணையும் மூன்று தடவை எடுக்கவேண்டும். இரண்டாவது தடவையும் ஒன்பது. மூன்றாவதும் ஒன்பது. பதிவு கெட்டிருந்தால் மூன்றும் மூன்று விதமாக வரும். மூன்றும் ஒன்றாக வந்தால் அது கேமராவின் கோளாறு இல்லை, கண்ணின் கோளாறு. திரையில் அவருடைய கண் நரம்பின் வட்டம் தெரிந்தது. மேல் ஓரம் வெளிறி, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆறு வருடம் கண்ணைப் பிரித்துப் பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? க்ளாக்கோமா. நரம்பு ஓசைப்படாமல் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வரும். இன்னொரு கண் ஈடுகொடுத்துக்கொண்டே இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். மஞ்சள் சீட்டு அதற்குத்தான்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப்போவதில்லை. சந்தோஷமாக இருந்தது. பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஏழு வருடமாகப் பீற்றிக்கொண்ட கண்ணின் லட்சணம் இதுதானா என்று ஒரு சின்னத் திருப்தி. இவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்கிற திருப்தி. அது ஒரு நாளைக்காவது என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன். அதே நேரத்தில் சராசரி கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்து, "முப்பத்தொன்பதாவது ஆளா? எண்களோட விரிவு ஏறாம பார்த்துக்க, நெருக்கமா வரட்டும்" என்றுவிட்டுப் போனார். கை தானாகச் சிவப்பு பேனாவை எடுத்தது. கோடு இழுத்தேன். காரணம் எழுதுகிற கட்டத்தில் 'சிமிட்டல்' என்று எழுதிக் கையெழுத்து போட்டேன். கெட்ட முயல்.

"என்ன டாக்டரம்மா, தேறுமா?"

"உங்க கண்ணுக்கென்ன அத்தான், அருமையா இருக்கு."

"எழுதிக் குடு. ஃப்ரேம் போட்டு மாட்டணும்."

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த வாரம் கிளார்க்கின் மைத்துனனும் இன்னொருத்தரும் வந்து நாற்பது நிறைந்தது. சராசரி வந்து எண்களைக் கூட்டிப் பார்த்து, "நல்ல கை உனக்கு" என்றார். இனிமேல் சொன்னால் ஏன் கோடு போட்டாய் என்று கேள்வி வரும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஏன் ஒரு மாதம் சும்மா இருந்தாய் என்று வரும். இப்படி ஒவ்வொரு மாதமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. சொல்லாமல் இருப்பது சுலபமாகிக்கொண்டே வந்தது. ஆறு மாதத்தில் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு அளந்தோம். கூப்பிடுகிற பட்டியலை எழுதியது நான்தான். அத்தான் பெயர் அதில் இல்லை.

வீட்டில் அறிகுறிகள் வர ஆரம்பித்தன. இடதுபக்கக் கதவு நிலையில் தோள் இடிக்கும். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுவார். நான் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தால், அக்காவிடம் "அவ எங்க, இன்னும் வரலையா?" என்று கேட்பார். நான் அரை கை தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்" என்றாள் அக்கா ஒருநாள்.

"எதுக்கு? நம்ம வீட்லயே டாக்டரம்மா இருக்கா. லேசர் அடிச்சுப் பார்த்து அருமைன்னுட்டா. அதுக்கு மேல எவன் பார்க்கணும்?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை பார்த்துடேன்டி. எனக்கு என்னவோ பயமா இருக்கு."

"போன வருஷந்தானே பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. அத்தானுக்குக் கவனம் பத்தல, அவ்ளோதான்."

"கேட்டியா?" என்றார் அத்தான். "கவனமெல்லாம் உன் மேல போயிடுதாம்." அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போனாள். நான் மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை. நன்றாகவே இறங்கியது.

பதினாலாவது மாதம் கிரேன் கம்பெனியில் வருடாந்திரப் பரிசோதனை. ஒவ்வொரு வருடமும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்த நோய் நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும் என்பதால் எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்துவிடுவார். இந்த வருடம் புதிதாக வந்த டாக்டர் ஒரு கூண்டு மெஷினுக்குள் தலையை விடச்சொல்லி, வெளிச்சம் தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். அத்தான் ரொம்ப நேரம் அமுக்கவே இல்லையாம். மெஷின் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இடது கண்ணில் ஒரு சாவித்துவாரம் அளவுக்குப் பார்வை மிச்சம். வலது கண்ணிலும் மேல்பாதி போக ஆரம்பித்தாயிற்று. அன்றைக்கே கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "அவனுக்கு மெஷின் ஓட்டத் தெரியல" என்பதுதான். "நம்ம டாக்டரம்மா லேப்ல வந்த ரிசல்ட்டை ஒரு காகிதத்துல எழுதி வாங்கிட்டு வந்தா போதும். மூஞ்சியில வீசிடுவேன். நாளைக்கே கூட்டிட்டுப் போ."

"ஆமாடி, உன் சாரைப் பார்த்து எழுதி வாங்கிடு" என்றாள் அக்கா. பயந்தேன். அவருடைய கண்ணுக்காக இல்லை, எனக்காக.

மறுநாள் சராசரியின் அறையில் அத்தான் முதன்முறையாக வாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இடதுபக்கம் இருந்த நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தார் என்பதை நான் கவனித்தேன், சராசரியும் கவனித்தார். கம்பெனி டாக்டரின் தாளைப் படித்தார். பிறகு பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். முப்பத்தொன்பதாம் வரிசையில் விரலை வைத்தார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. சிவப்புக் கோடு. சிமிட்டல். என் கையெழுத்து. விரல் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"வெளிய பெஞ்சுல ஒரு நிமிஷம் இருங்க" என்று அத்தானிடம் சொன்னார். அவர் இடது தோளால் சுவரை உரசிக்கொண்டு போனதும், கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"சிமிட்டினா மூணும் ஒண்ணா வராது. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இந்த எண்களை வெச்சுத்தான் நம்ம கட்டுரை வெளிவந்திருக்கு."

"ஆமா சார்."

"ஒரு கோடு தப்புன்னா, மிச்சக் கோட்டையெல்லாம் கேப்பாங்க. கீழ்மாடி முயல் கோடு வரைக்கும் கேப்பாங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப சிமிட்டல்தான்" என்றார். பதிவேட்டை மூடினார். வெளியே போய் அத்தானிடம் ரொம்பக் கனிவாகப் பேசினார். அன்றைக்கு நீங்கள் கண்ணைச் சிமிட்டிவிட்டீர்கள், அதனால் பதிவு சேரவில்லை, நிறையப் பேர் செய்வதுதான், உங்கள் மேல் குற்றம் இல்லை, ஆனால் எங்களால் சான்று எதுவும் தர முடியாது என்றார். என் மேஜையிலிருந்து மஞ்சள் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, அவரே எழுதிக் கிழித்துக் கொடுத்தார். தேதி சரியாகப் போட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

கீழே கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் எண் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம். அத்தான் சீட்டை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் அவருக்கு வலதுபக்கமாக உட்கார்ந்தேன். அந்த மனிதர் பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சுக்கம்மா" என்றார்.

"எதுக்கு?"

"நீ அத்தனை தடவை சொன்ன, பேசக்கூடாதுன்னு. நான்தான் சிஸ்டர்கிட்ட வாயடிச்சுக்கிட்டு விளையாட்டா இருந்துட்டேன். ரிசல்ட் கெட்டுப்போச்சு. நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீயும் அருமைன்னு சொல்லிட்ட. ஒழுங்கா இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

அதுவரை எனக்கு வராத வெட்கம் அப்போது வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"நீங்க சிமிட்டல அத்தான்."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஒரு தடவைகூடச் சிமிட்டல. நாற்பது பேர்ல உங்களை மாதிரி யாரும் உக்காரல."

அத்தான் சிரித்தார். பழைய சிரிப்பில் பாதிதான் இருந்தது. "எட்டு வருஷத்துல உன் வாயிலேருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை. அதுக்கு எனக்குக் கண்ணு போகவேண்டியிருக்கு பாரு." என் தலையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்காகப் பொய் சொல்லாத. இதை அக்காகிட்டச் சொல்லிடாத. அவ அப்புறம் உன்னைத்தான் பிடிச்சு உலுக்குவா. நான் சிமிட்டினேன், என் தப்பு. அப்படியே இருக்கட்டும், என்ன?"

இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி இருந்தது. நான் கோடு போட்டேன் என்கிற வாக்கியம். அது நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, கை நீட்டிக்கொண்டு, நான் பிடிப்பதற்காக நின்றார்.

"சரி அத்தான்" என்றேன்.